எந்தக் கிருஷ்ணன்?

திண்டுக்கல்லில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு தம்பி என்னிடம் இப்படிக் கேட்டான்:

"மாமா, ராமனோடு சேர்ந்து ஒளியை ஆராய்ந்த கிருஷ்ணன், பாறைகளைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய கிருஷ்ணன், யானைகளையும் பறவைகளையும் படம் எடுத்த கிருஷ்ணன்... இவர்கள் எல்லாரும் ஒரே ஆளா?"

சபாஷ் தம்பி! எவ்வளவு நல்ல கேள்வி! பெரியவர்களே இதில் குழம்புவது உண்டு. மூன்று பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள். மூன்று பேருமே கண்ணால் கூர்ந்து பார்த்தே பேர் வாங்கியவர்கள். பெயரும் ஒன்று. குழப்பம் வராமல் என்ன செய்யும்?

உன் வகுப்பையே எடுத்துக்கொள். இரண்டு கார்த்திக் இருப்பான். மூன்று பிரியா இருப்பாள். வருகைப் பதிவு எடுக்கும்போது டீச்சர் என்ன செய்கிறார்? "எம். கார்த்திக்", "எஸ். கார்த்திக்" என்று கூப்பிடுகிறார். நாமும் அப்படியே கூப்பிட்டுப் பார்க்கலாம். கே.எஸ். கிருஷ்ணன். எம்.எஸ். கிருஷ்ணன். மா. கிருஷ்ணன்.

இன்னும் கிருஷ்ணன்கள் உண்டு. நாகர்கோவிலில் பிறந்து நாடு முழுவதையும் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை உன் தாத்தாவுக்கு நன்றாகத் தெரியும். டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் 1954ல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். 1960லும் 1961லும் அதே விம்பிள்டனில் அரையிறுதி வரை போனார். ஏன், நீ தினமும் அண்ணாந்து பார்க்கிற திண்டுக்கல் மலைக்கோட்டையை 1605ல் கட்டத் தொடங்கியவர் பெயர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர். அந்தப் பெயருக்குள்ளும் ஒரு கிருஷ்ணன் இருக்கிறார், பார்த்தாயா?

ஆனால் நம்முடையது அறிவியல் பேச்சு. அதனால் அந்த மூன்று பேரிடம் போவோம்.

முதலில் கே.எஸ். கிருஷ்ணன். முழுப்பெயர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். 1898 டிசம்பர் 4ஆம் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தார். திண்டுக்கல்லில் ரயில் ஏறினால் அடுத்த பெரிய ஊர் மதுரைதானே? உனக்குப் பக்கத்து ஊரில் படித்தவர் என்று நீ உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

அங்கிருந்து சென்னை கிறித்துவக் கல்லூரி. அப்புறம் கல்கத்தா. அங்கே சர் சி.வி. ராமன் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கிருஷ்ணன் அவரிடம் சேர்ந்தார்.

இப்போது 1928ஆம் வருடம் பிப்ரவரி மாதத்துக்கு வா.

கிருஷ்ணன் சில காலமாகக் கணக்கும் கோட்பாடுமாகவே இருந்தார். ஓர் அறிவியலாளன் சோதனைக் கருவிகளைத் தொடாமல் ரொம்ப நாள் இருப்பது நல்லதல்ல என்று ராமன் அவரிடம் சொன்னார். அந்த மாதம் 5ஆம் தேதி கிருஷ்ணன் சோதனையில் இறங்கினார். தினமும் என்ன நடந்தது என்று நாட்குறிப்பும் எழுதினார். அந்தக் குறிப்பு இருப்பதால்தான் நமக்கு இவ்வளவு விவரம் தெரிகிறது. நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் உனக்கு உண்டா? இல்லையென்றால் இன்றைக்கே தொடங்கு.

சோதனை ரொம்ப எளிமையானது. சொல்கிறேன், கவனமாகக் கேள்.

ஒரு கண்ணாடிக் குடுவையில் மிகச் சுத்தமான திரவம். அதன் மேல் சூரிய ஒளியை லென்ஸ் வைத்துக் குவித்துப் பாய்ச்சுகிறார்கள். வழியில் ஓர் ஊதா நிறக் கண்ணாடி. அது ஊதாப் பக்கத்து ஒளியை மட்டும் உள்ளே விடும். மற்ற நிறங்களைத் தடுத்துவிடும். ஆகவே திரவத்துக்குள் போவது ஊதா ஒளி மட்டும்தான். சரியா?

இப்போது, பக்கவாட்டில் நின்று பார்க்கிறவரின் கண்ணுக்கு முன்னால் ஒரு பச்சைக் கண்ணாடி. அது பச்சையை விடும், ஊதாவை விடாது.

கொஞ்சம் யோசி. உள்ளே போனது ஊதா மட்டும். வெளியே பார்ப்பது பச்சைக் கண்ணாடி வழியாக. என்ன தெரிய வேண்டும்?

ஒன்றுமே தெரியக் கூடாது! இருட்டாகத்தான் இருக்க வேண்டும். நீ சரியாகச் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் இருட்டாக இல்லை. மங்கலாக ஓர் ஒளிக்கீற்று தெரிந்தது. உள்ளே போகாத நிறம் வெளியே வந்தது. எங்கிருந்து வந்தது?

பிப்ரவரி 7ஆம் தேதி இரவு ராமன் திடீரென்று கிருஷ்ணனின் வீட்டுக்கே வந்துவிட்டார். கீழே நின்று கூப்பிட்டார். ஆள் ஒரே பரபரப்பில் இருந்தார். காலையில் நாம் பார்த்ததுதான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்த விளைவு என்று சொல்லத்தான் வந்தார். காலைவரை பொறுக்க அவரால் முடியவில்லை! உன் கணக்குக்கு விடை கிடைத்ததும் பக்கத்து வீட்டு நண்பனிடம் சொல்ல ஓடுகிறாய் அல்லவா? நோபல் பரிசு வாங்கப் போகிற மனிதரும் அன்றைக்கு அப்படித்தான் ஓடினார்.

சரி, அந்தப் புது நிறம் எப்படி வந்தது? இதைப் புரியவைக்க உன்னை ஒரு மாந்தோப்புக்கு அழைத்துப் போகிறேன். நத்தம் பக்கம் மாந்தோப்புக்குப் பஞ்சமா? கையில் ஒரு ரப்பர் பந்து வைத்துக்கொள். தோப்பின் சுவர் மீது எறி. போன வேகத்திலேயே ஏறக்குறைய திரும்பி வரும். அடுத்து, தொங்குகிற மாங்காய்க் கொத்தின் மீது எறி. என்ன ஆகிறது? மாங்காய்கள் ஆடத் தொடங்குகின்றன. பந்து மெதுவாகத் திரும்புகிறது. அதன் வேகத்தில் கொஞ்சத்தை மாங்காய்கள் வாங்கிக்கொண்டுவிட்டன.

ஒளிதான் பந்து. திரவத்தில் இருக்கும் மூலக்கூறுகள்தான் மாங்காய்கள். மூலக்கூறு என்பது பொருளின் மிகமிகச் சின்னத் துணுக்கு. அதற்குள் அணுக்கள் சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். மோதுகிற ஒளி தன் ஆற்றலில் கொஞ்சத்தை அந்த ஆட்டத்துக்குக் கொடுத்துவிடும். ஆற்றல் குறைந்தால் ஒளி வேகம் குறையாது. அதன் நிறம் மாறும். ஊதா, பச்சைப் பக்கம் நகரும். இதில் ஓர் அழகு உண்டு. ஒவ்வொரு பொருளின் மூலக்கூறும் தனக்கென்று ஒரு விதமாக ஆடும். ஆகவே நிறம் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால், "இது இன்ன பொருள்" என்று தொடாமலே சொல்லிவிடலாம். இன்றைக்கு மருந்தில் கலப்படம் இருக்கிறதா, கல் உண்மையான வைரம்தானா என்று பார்ப்பது வரைக்கும் இந்த முறை பயன்படுகிறது.

புரிகிறதா? புரியவில்லையென்றால் பந்து எறிகிற இடத்திலிருந்து இன்னொரு தடவை படி. அவசரம் ஒன்றும் இல்லை.

ராமனும் கிருஷ்ணனும் ஏறக்குறைய அறுபது திரவங்களைச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் அந்த ஒளி தெரிந்தது. இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழுக்குக் கட்டுரை எழுதினார்கள். 1928 மார்ச் 31ல் அது வெளிவந்தது. கட்டுரையின் தலையில் இரண்டு பெயர்கள்: ராமன், கிருஷ்ணன். இந்தக் கண்டுபிடிப்பின் நினைவாகத்தான் பிப்ரவரி 28ஆம் தேதியை நாம் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

1930ல் நோபல் பரிசு ராமனுக்கு வந்தது. அவருக்கு மட்டும் வந்தது. கண்டுபிடிப்புக்கு வழி வகுத்ததும், பல வருடம் அதைத் துரத்தியதும் ராமன்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் நாள் பூராவும் இருட்டறையில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த கிருஷ்ணனின் பெயரை நாம் விட்டுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. பிப்ரவரி 28 அன்று பள்ளியில் நீ பேசினால், இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல். செய்வாய்தானே?

கிருஷ்ணன் அதோடு நின்றுவிடவில்லை. 1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே காந்தத்தை எடுத்துக்கொண்டார். இது திண்டுக்கல் பிள்ளைக்குப் பொருத்தமான விஷயம். ஏனென்றால் உன் ஊர் பூட்டு ஊர்!

வீட்டில் ஒரு பழைய திண்டுக்கல் பூட்டு இருக்கும். மாங்காய்ப் பூட்டு என்றுகூடச் சொல்வார்கள். ஒரு காந்தத்தை எடுத்து அதன் மேல் வை. இரும்புப் பாகத்தில் சட்டென்று ஒட்டும். பித்தளைப் பாகத்தில் ஒட்டாது. சாவியிலும் வைத்துப் பார். உடனே "பித்தளைக்குக் காந்தம் என்றாலே என்னவென்று தெரியாது" என்று நினைப்பாய். அப்படி இல்லை, கண்ணு! தண்ணீர், செம்பு, மரம், உப்பு என்று எல்லாப் பொருளுமே காந்தத்துக்குக் கொஞ்சமாவது பதில் சொல்லும். சில லேசாக இழுபடும். சில லேசாகத் தள்ளப்படும். அந்த விசை அவ்வளவு சின்னது. நம் கைக்குத் தெரியாது.

கைக்குத் தெரியாததை அளப்பது எப்படி? கிருஷ்ணனும் அவருடன் வேலை செய்த பானர்ஜியும் ஒரு வழி கண்டார்கள். ஒரு சின்னப் படிகத்தை, கண்ணுக்கே சரியாகத் தெரியாத மெல்லிய இழையில் கட்டித் தொங்கவிட்டார்கள். பக்கத்தில் காந்தம். படிகம் தனக்குப் பிடித்த திசைக்குத் திரும்பும். இழையை மேலிருந்து மெல்ல முறுக்கினால், படிகம் கொஞ்ச நேரம் பிடிவாதமாக அங்கேயே நிற்கும். முறுக்கு ஏற ஏற, ஒரு கட்டத்தில் பிடியை விட்டுச் சுழன்றுவிடும். எத்தனை முறுக்கில் சுழன்றது என்று கணக்கிட்டால், அந்தச் சின்ன விசையின் அளவு கிடைத்துவிடும். எவ்வளவு நயமான வேலை பார்!

கிருஷ்ணன் எடுத்த படிகங்களில் ஒன்று நாப்தலீன். அது உன் வீட்டிலும் இருக்கலாம். துணி அலமாரியில் அம்மா போட்டு வைக்கிற அந்துருண்டைதான். (வாயில் வைத்துவிடாதே, அது விஷம்.) இன்னொன்று கிராஃபைட். அதுவும் உன்னிடம் இருக்கிறது. பென்சிலின் நடுவில் இருக்கும் கறுப்புக் குச்சியில் கிராஃபைட்தான் முக்கியமான பொருள். கிராஃபைட் படிகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கும். அந்த அடுக்குக்குக் குறுக்கே காந்தத்தை வைத்தால் ஒரு பதில், அடுக்கின் வாக்கில் வைத்தால் வேறு பதில். இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம். இந்த வித்தியாசத்தை வைத்தே படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கின்றன என்று கிருஷ்ணன் கண்டு சொன்னார். உடைத்துப் பார்க்காமலே உள்ளே இருப்பதைச் சொன்னார்!

1940ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1947ல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் வந்தபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான். அந்த ஆய்வகத்துக்கும் உனக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாய். திண்டுக்கல் வெங்காய மார்க்கெட்டில் தராசு பார்த்திருப்பாய். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை மூட்டையாக நிறுப்பதையும் பார்த்திருப்பாய். ஒரு கிலோ என்றால் எல்லாருக்கும் ஒரே கிலோவாக இருக்க வேண்டும் அல்லவா? நாட்டின் கிலோ, மீட்டர், நொடி எல்லாவற்றுக்கும் அளவு காக்கிற இடம் அந்த ஆய்வகம். வீசை, பலம் என்று நிறுத்துக்கொண்டிருந்த நாடு மெட்ரிக் அளவுக்கு மாற 1956ல் சட்டம் வந்தது. அப்போதும் அங்கே தலைமையில் இருந்தவர் வத்திராயிருப்புக் கிருஷ்ணன்.

இவ்வளவு உயரம் போனவர் தமிழையும் விடவில்லை. இலக்கியத்தில் ஆழ்ந்த ஈடுபாடு அவருக்கு. 1961ல் காலமானார்.

ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வா. அடுத்தவரைப் பார்ப்போம்.

எம்.எஸ். கிருஷ்ணன். இவரும் 1898ல்தான் பிறந்தார்! ஆகஸ்ட் மாதம். தஞ்சாவூர்ப் பக்கத்து மகாராஜபுரம் இவர் ஊர். மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன் என்பது முழுப்பெயர். ஒரே வருடம், ஒரே பெயர், இனிஷியலில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். போதாததற்கு இவரும் 1924ல் கல்கத்தாவில்தான் வேலைக்குச் சேர்ந்தார். தபால்காரர் பாவம்!

இவர் சேர்ந்தது இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம். நாட்டின் மலை, பாறை, கனிமம் எல்லாவற்றையும் நடந்து பார்த்து வரைபடம் போடுகிற நிறுவனம் அது. வெள்ளைக்காரர்கள் 1851ல் தொடங்கினார்கள். அதன் தலைமை நாற்காலியில் ஓர் இந்தியர் உட்கார எத்தனை வருடம் ஆனது தெரியுமா? நூறு வருடம். 1951ல் அதில் உட்கார்ந்த முதல் இந்தியர் எம்.எஸ். கிருஷ்ணன்தான். அதே வருடம் நம் மாகாணத்துக் கனிமங்களைப் பற்றி அவர் எழுதிய நூலும் வந்தது. அதற்கு முன் 1943ல் அவர் எழுதிய இந்தியா, பர்மா நிலவியல் நூலைப் படிக்காமல் நிலவியல் பட்டம் வாங்கியவர்கள் அந்தக் காலத்தில் அபூர்வம். கல்லூரியில் நிலவியல் படித்த ஒரு பெரியவரைக் கண்டால் கேட்டுப் பார். "கிருஷ்ணன் புத்தகமா?" என்று முகம் மலரச் சொல்வார்.

பாறையைப் படிப்பது என்றால் என்ன? வீட்டில் அம்மியோ ஆட்டுக்கல்லோ இருக்கிறதா? இல்லையென்றால் பாட்டி வீட்டில் இருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார். கருங்கல்லில் வெள்ளையோ லேசான இளஞ்சிவப்போ ஆன துணுக்குகள் தெரியும். அவற்றின் பெயர் ஃபெல்ட்ஸ்பார். கண்ணாடித் துண்டாகப் பளபளப்பது குவார்ட்ஸ். கறுப்பாக மின்னும் சின்னச் செதில் மைக்கா, அதாவது காக்காப்பொன். பூதக்கண்ணாடி கிடைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். பூமிக்கு அடியில் கொதித்துக் கிடந்த குழம்பு மெல்ல மெல்ல ஆறும்போது இந்தத் துணுக்குகள் ஒவ்வொன்றாக உறைந்தன. மெல்ல ஆறினால் துணுக்கு பெரிது. சீக்கிரம் ஆறினால் சின்னது. ஆகவே துணுக்கின் அளவைப் பார்த்தே, அந்தக் குழம்பு எவ்வளவு பொறுமையாக ஆறியது என்று ஒரு நிலவியலாளர் சொல்லிவிடுவார்.

திண்டுக்கல்லிலிருந்து மேற்கே பார்த்தால் கொடைக்கானல் மலை தெரிகிறது அல்லவா? அந்த மலையில் நிறைய இருப்பது சார்னோக்கைட் என்ற கல். உடைத்தால் நீலம் கலந்த கரும்பச்சையாக, எண்ணெய் பூசிய பளபளப்போடு இருக்கும். டைனோசர்கள் பிறப்பதற்கும் வெகு காலம் முன்பே, பூமியின் ஆழத்தில் பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருவானது.

அந்தக் கல்லுக்குப் பெயர் வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல்லை தாமஸ் ஹாலண்டு என்ற நிலவியலாளர் உற்றுப் பார்த்தார். இந்தக் கல் வங்காளத்துக் கல் இல்லையே! நம் சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல் அல்லவா! இங்கிருந்து கப்பலில் போயிருக்கிறது. 1893ல் அதற்குச் சார்னாக்கின் பெயரையே வைத்துவிட்டார். கல்கத்தாவில் வேலை பார்த்த தஞ்சாவூர்க் கிருஷ்ணனுக்கு நம் ஊர்க் கல் அங்கேயே காத்துக்கொண்டிருந்தது. அவருடைய பெரிய புத்தகத்தில் சார்னோக்கைட்டுக்கும் இடம் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. ராமனின் மாணவர்களில் இன்னொரு கிருஷ்ணனும் உண்டு. ஆர்.எஸ். கிருஷ்ணன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், ராமனுக்குப் பிறகு இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்றவர். வைரத்தின் மேல் ஒளி பாய்ச்சி ஆராய்ந்தவர். ஒளி, ராமன், கிருஷ்ணன் என்று மூன்று சொல்லையும் ஒன்றாகப் பார்த்ததும் கே.எஸ். என்று முடிவு கட்டிவிடாதே. வருடத்தையும் ஊரையும் பார்.

இனி மூன்றாமவர். என் மனசுக்கு மிகவும் நெருக்கமானவர். மா. கிருஷ்ணன்.

1912 ஜூன் 30ல் திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா ஆ. மாதவையா, தமிழில் நாவல் எழுதிய முன்னோடிகளில் ஒருவர். 'பத்மாவதி சரித்திரம்' அவர் எழுதியதுதான். கிருஷ்ணன் கடைசிப் பிள்ளை. பதிமூன்று வயதிலேயே அப்பாவை இழந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். அங்கே ஃபைசன் என்று ஒரு பேராசிரியர். நீலகிரி, பழனி மலை உச்சிகளின் செடிகொடிகளைப் பற்றி நூல் எழுதியவர். அவரோடு கிருஷ்ணன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போய்ச் செடிகளைப் பார்த்தார். உன் மாவட்டத்து மலை அவருக்கும் ஒரு வகுப்பறை. ஃபைசனின் மனைவியிடம் வண்ணம் தீட்டவும் கற்றுக்கொண்டார்.

பிறகு இன்றைய கர்நாடகத்தில் இருக்கும் சந்தூர் சமஸ்தானத்தில் சில வருடம் இருந்தார். ஆசிரியர், நீதிபதி, மன்னரின் செயலாளர் என்று பல வேலை. சுற்றிலும் காடு. பார்க்கவும் எழுதவும் அவருக்கு வேறென்ன வேண்டும்?

1950ல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி ஒரு தொடர் எழுதத் தொடங்கினார். (மூன்று பேருக்கும் கல்கத்தா தொடர்பு வந்துவிட்டது, கவனித்தாயா?) எத்தனை வருடம் எழுதினார் தெரியுமா? 46 வருடம்! 1996 பிப்ரவரி 18ல் அவர் காலமான அன்றுகூட அந்தப் பத்திரிகையில் அவர் கட்டுரை வந்தது.

புலியையும் யானையையும் மட்டும் எழுதினார் என்று நினைக்காதே. யானைகளுக்காக நாட்கணக்கில் காட்டில் காத்திருந்தது உண்மைதான். ஆனால் காக்கை, அணில், பல்லி, மைனா, வீட்டுப் புறா, தெருவோர மரம் எல்லாவற்றையும் எழுதினார். பல்லியை ஒருவர் எவ்வளவு அன்போடு பார்க்க முடியும் என்று அவரைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் தொகுத்தார். உன் பள்ளி நூலகத்தில் கேட்டுப் பார். சின்னப் பிள்ளைகளும் படிக்கலாம்.

படமும் எடுத்தார். கறுப்பு வெள்ளையில் மட்டும். கடையில் வாங்கிய கேமரா அவருக்குப் போதவில்லை. பாகம் பாகமாகச் சேர்த்துத் தானே ஒரு கேமராவை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார்.

நம் மண்ணின் மரத்தையும் விலங்கையும் பறவையையும் நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் விடாமல் சொன்னார். எங்கிருந்தோ கொண்டுவந்த அழகு மரங்களைச் சாலையோரம் நட்டுவிட்டு, நம் வேம்பையும் ஆலையும் மறப்பது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. நான் இதில் முழுக்க அவர் பக்கம். திண்டுக்கல்லிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் சாலையோர மரங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. எனக்கு மனசு கேட்கவில்லை. இருக்கிற மரங்களையாவது நீ பெயர் சொல்லித் தெரிந்துகொள்.

இப்போது உன் மண்ணின் ஒரு பிராணியைப் பார்ப்போம். திண்டுக்கல்லுக்கு வடக்கே அய்யலூர்ப் பக்கம் போயிருக்கிறாயா? ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். அந்தப் பக்கத்துக் குன்றுகளிலும் முள்காட்டிலும் தேவாங்கு வாழ்கிறது. ஏறக்குறைய கால் கிலோ எடைதான் இருக்கும். மெலிந்த கையும் காலும். வால் கிடையாது. முகத்தில் பாதி கண்தான். பகலெல்லாம் மரக்கிளையில் சுருண்டு தூங்கும். ராத்திரியில் கிளை கிளையாக மெல்ல நகர்ந்து பூச்சி பிடிக்கும். அந்தப் பெரிய கண், இருட்டில் கிடைக்கிற சொற்ப ஒளியையும் வாங்கிக்கொள்வதற்குத்தான். தோட்டத்துப் பூச்சிகளைத் தின்பதால் விவசாயிக்கு அது நண்பன். ஆனால் அதைப் பார்த்தால் கெட்ட சகுனம் என்று சிலர் சொல்வார்கள். மந்திரம், மருந்து என்று பிடித்துப் போகிறவர்களும் உண்டு. இரண்டும் பொய். இரண்டாலும் எத்தனையோ தேவாங்குகள் செத்தன.

2022ல் தமிழ்நாடு அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம். கரூர் மாவட்டத்துக் கடவூரிலும், திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர், நத்தம், திண்டுக்கல் கிழக்கு வட்டங்களிலும் 11,806 ஹெக்டேர் பரப்பு. உன் மாவட்டம் உலகத்துக்கே முன்னால் தலைநிமிர்கிற விஷயம் இது.

மா. கிருஷ்ணன் செய்த மாதிரி நீயும் குறிப்பு எழுது. பெரிய காடு தேவையில்லை. வீட்டு வாசல் போதும். தேதி போடு. நேரம் போடு. எந்த மரம், எந்தக் கிளை, பிராணி என்ன செய்தது என்று எழுது. நீ நினைத்ததை எழுதாதே, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. படம் வரையத் தெரியாவிட்டாலும் கோடு கிழித்துக் காட்டு. தேவாங்கைத் தேடி ராத்திரியில் நீயாகக் கிளம்பிவிடாதே. டார்ச் அடித்தால் அதன் கண் கூசும். அதைத் தொடுவதும் பிடிப்பதும் சட்டப்படி குற்றம். அதற்குப் பதிலாக அய்யலூர், வடமதுரைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால், விடுமுறையில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேள். எந்த மரத்தில் பார்த்தார், எந்த மாதத்தில், ஒன்றா இரண்டா, அது கத்தியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொல்கிற மரத்தின் பெயரை அவர் சொல்கிறபடியே உன் நோட்டில் எழுதிக்கொள்.